மரக்கால் ரயில் பாலம்: கொலு பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன ரயில் பாதை இருக்கிறது. நவராத்திரி வந்தால் அதில் ஒரு பகுதியைக் கீழே இறக்கிக் கொலுப்படிக்குப் பக்கத்தில் வைப்போம். அதிலுள்ள மரப்பாலத்துக்குப் பதினாறு வரிசைக் கால்கள், உயரம் ஒரு சாணுக்குக் குறைவு. சுண்டல் வாங்க வருகிறவர்கள் பாலத்துக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். பல வருடங்களாக ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

அண்ணாச்சி, இது என்ன பாலம்? கோபுரத்துக்குச் சாரம் கட்டின மாதிரியே இருக்கு!

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். கும்பாபிஷேகத்துக்குச் சவுக்குக் கம்பில் கட்டும் சாரமும் இதுவும் ஒரே யோசனையில் பிறந்தவை. நேர்க்கம்பு பாரத்தைத் தாங்கும், குறுக்கே சாய்த்துக் கட்டிய கம்பு ஆட்டத்தை நிறுத்தும். ஆங்கிலத்தில் இதற்கு டிரெஸில் என்று பேர். நான் மரக்கால் பாலம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை மலைக்குள் புகுந்தபோது கையில் பணம் குறைவு, காட்டில் மரம் ஏராளம். கல்லும் இரும்பும் வந்து சேரும்வரை காத்திருக்காமல் பக்கத்திலிருந்த மரத்தையே வெட்டிப் பாலமாக நிறுத்தினார்கள். பல பாலங்களைப் பிறகு மேலிருந்து மண்ணைக் கொட்டி மூடி அப்படியே கரையாக்கிவிட்டார்கள். நின்றவையும் உண்டு. கனடாவின் வான்கூவர் தீவில் கின்சால் பாலம் 1920-ல் முடிந்தது, உயரம் 44 மீட்டர், நீளம் 187 மீட்டர். ரயில் நின்றுபோன பிறகு பழுது பார்த்து, 2011-லிருந்து மக்கள் அதன்மேல் நடந்துபோகிறார்கள். கலிபோர்னியாவின் கோட் கேன்யன் பாலம் 1930-களின் தொடக்கத்தில் கட்டியது, உயரம் சுமார் 186 அடி. இந்த இரண்டின் படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே நான் சொல்லப்போவதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

செங்கோட்டை பாதையில இந்த மாதிரி மரப்பாலம் இருந்துச்சே, சின்ன வயசுல பார்த்த ஞாபகம்?

செங்கோட்டையிலிருந்து மலையேறும் பாதையில் நீங்கள் பார்த்தது கல் பாலமாக இருக்கும். கழுதுருட்டியில் இருக்கும் பதிமூணு கண் பாலம்தான் எல்லோருக்கும் மனதில் நிற்கும். கொல்லம், செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-ல் வந்தது. 2010-ல் அகலப்பாதைக்காக மலைப்பகுதியை மூடினார்கள், 2018-ல் மறுபடி வண்டி ஓடியது. அந்தக் கல் வளைவுகள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன.

நம் பக்கம் மரத்தை ஏன் நம்பவில்லை என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கரையான் ஒன்று, இரண்டு பருவமழையிலும் நனைந்து காய்வது இன்னொன்று. கல்லுக்கும் கல் தச்சருக்கும் இங்கே பஞ்சமே இருந்ததில்லை. நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணிமேல் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் கட்டியது, அதுவும் வளைவுப் பாலம்தான். ஆகவே என் மரக்கால் பாலம் அமெரிக்க மலைப்பாதையின் மாதிரி, நம் ஊர்ப் பாலத்தின் மாதிரி இல்லை. இதைக் கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

1:87-ன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அது என்ன கணக்கு?

உண்மையில் 87 அடி இருப்பது இங்கே 1 அடி. எச்ஓ (HO) என்று கடையில் கேட்டால் இந்த அளவு வண்டிதான் தருவார்கள், தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இதைவிடச் சிறிய அளவுக்கு N என்ற ஆங்கில எழுத்தே பேர், அது 1:160, இடைவெளி 9 மி.மீ.

பாலம் செய்ய மனப்பாடமாக வேண்டியது ஒரே ஒரு எண்: எச்ஓ அளவில் உண்மையான 1 அடி, 3.5 மி.மீ. மிச்சம் எல்லாம் அதைப் பெருக்கி வருவதுதான். 12 அங்குலச் சதுரக் கால் 3.5 மி.மீ. சதுரம். கால்களின் தலைமேல் குறுக்கே படுக்கும் 14 அடித் தலைக்கட்டை 49 மி.மீ. ஒரே தலைக்கட்டையின் கீழ் நிற்கும் கால்கள் ஒரு கால் வரிசை; ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் 15 அடி என்றால் 52 மி.மீ.

இது தீக்குச்சியில செஞ்சதா? எங்க பையனும் தீக்குச்சியில செய்யணும்னு நிக்கான்.

என்னுடையது தீக்குச்சி இல்லை. ஆனால் உங்கள் பையன் எண்ணம் நல்ல எண்ணம், அளவு மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரத் தீக்குச்சி கிட்டத்தட்ட 2 மி.மீ. சதுரம், நீளம் 4 செ.மீ.க்குச் சற்று மேல். எச்ஓ அளவில் அது உண்மையில் 7 அங்குலக் கட்டை ஆகிறது, பாலத்தின் காலுக்கு மெலிவு. அதே குச்சி N அளவில் 12 அங்குலத்துக்கு மிக அருகில் வருகிறது! நீளமோ 21, 22 அடி, அதாவது பாலத்தின் ஒரு அடுக்கு உயரம். N அளவு மரக்கால் பாலத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்.

மருந்து வைக்காத வெறுங்குச்சியாக வாங்குங்கள். கோவில்பட்டிப் பக்கம் ஆள் தெரிந்தால் சுலபம். மருந்து வைத்த குச்சியைத் தலைவெட்டிப் பயன்படுத்தினால், எரிவதற்காக ஏற்றிய மெழுகு அந்த முனையில் இறங்கியிருக்கும், அங்கே பசை பிடிக்காது. காகிதத்தை மெழுகில் உருட்டிய குச்சி இதற்கு ஆகவே ஆகாது.

அப்போ என்ன மரம் வாங்கணும்? இங்க கிடைக்குமா, மெட்ராஸ்லேர்ந்து வரவழைக்கணுமா?

எதையும் வரவழைக்க வேண்டாம். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் நேர்நாராக ஓடும் துண்டுகள் விறகுக்குப் போகும். சுழி, கணு இல்லாமல் நாலைந்து எடுத்துக்கொண்டு, மெல்லிய பிளேடு போட்ட ரம்பத்தில் 3.5 மி.மீ. சதுரமாகக் கிழித்துத் தரச் சொல்லுங்கள். விரல் போகிற வேலை, பழகிய தச்சரே செய்யட்டும். நார் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத மரம்தான் வேண்டும். தேக்கின் வரிகள் இந்தச் சின்ன அளவில் மிகப் பெரிதாகத் தெரியும், பாலத்தைச் சின்னதாக்கிக் காட்டிவிடும். மஞ்சள் கடம்பு கிடைத்தால் விடாதீர்கள், அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்த மரம். நார் நெருக்கம், வெட்டு பிசிறில்லாமல் வரும்.

பால்சா மரம் பள்ளிக்கூடப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. வெட்டச் சுகம், ஆனால் முனை நசுங்கும், விரல் நகம் பட்டாலே தடம் விழும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உருண்டைக் கால் பாலமும் உண்டு. ஆற்றுச் சேற்றில் மரத்தையே முளையாக அடித்து இறக்கிய வகை அது. எச்ஓவுக்கு மூங்கில் குச்சி, N அளவுக்குத் தென்னை ஈர்க்கின் அடிப்பாதி. ஈர்க்கின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்த பிறகே ஒட்டும்.

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பேர் சொல்றீங்க, அதெல்லாம் தெரிஞ்சுதான் செய்யணுமா?

பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வேலை தெரிந்தே ஆக வேண்டும், இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். வண்டியின் பாரம் தண்டவாளத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ஸ்லீப்பர் கட்டை, அதிலிருந்து நீளவாக்கில் ஓடும் உத்திரம், உத்திரத்திலிருந்து தலைக்கட்டை, பிறகு கால்கள், அடிக்கட்டை, கடைசியில் கல் அல்லது முளை, மண். இந்த வழியில் எங்காவது கட்டை கட்டையின்மேல் உட்காராமல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கினால், பொறியியல் படிக்காதவர் கண்ணுக்கும் ஏதோ உறுத்தும். ஏன் என்று சொல்லத் தெரியாது, பொம்மை என்று சொல்லிவிடுவார்.

ஆகவே உத்திரம் தலைக்கட்டையின் மேலே உட்கார வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே உத்திரங்கள் மூன்று மூன்றாக நிற்கும், ஒவ்வொன்றும் 8-க்கு 16 அங்குலம், நம் கணக்கில் 2.3-க்கு 4.7 மி.மீ., அகலமான பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்காது, மழைநீர் தங்கி மரம் மக்காமல் இருக்க நடுவில் சிறு இடைவெளி விட்டு போல்ட் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு உத்திரமும் இரண்டு இடைவெளியைத் தாண்டும் நீளம். மூட்டுகள் எல்லாம் ஒரே தலைக்கட்டைமேல் விழாமல் மாற்றி மாற்றி வரும், செங்கல் அடுக்கும்போது மூட்டு மாற்றுவதுபோல. கால் வரிசைகளை ஒன்றோடொன்று நீளவாக்கில் கோக்கும் கட்டைகளை நான் இடைச்சட்டம் என்கிறேன்.

ஓரத்துக் கால் மட்டும் ஏன் சாய்ஞ்சிருக்கு? எவ்வளவு சாய்க்கணும்?

காற்றும் வண்டியின் ஆட்டமும் பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளும். காலை அகட்டி வைத்து நிற்பவனைத் தள்ளுவது கஷ்டம், அதேதான். நடுக்கால் செங்குத்தாகவோ லேசாகச் சாய்ந்தோ நிற்கும், ஓரக்கால் ஓர் அடி இறங்க 3 அங்குலம் வெளியே போகும். சில பாதைகளில் இரண்டரை அங்குலம்.

என் பாலத்தில் உயரமான கால் வரிசை 13 செ.மீ. அந்தச் சாய்வில் மேலே 5 செ.மீ. இருப்பது அடியில் 11 செ.மீ. ஆகிறது. படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதை 7, 8-ல் நிறுத்திவிடுவார்கள், இடம் போதவில்லை என்று. அதற்குப் பாலத்தின் உயரத்தைக் குறைப்பதே மேல்.

எல்லாக் காலும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல இருக்கே, எப்படி?

அச்சில்தான். மிக உயரமான கால் வரிசையை வரைபடத்தாளில் முழு அளவில் வரைந்து, ஒட்டுப்பலகையில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்து, ஒவ்வொரு கட்டையும் உட்கார வேண்டிய இடத்துக்கு இருபுறமும் சிறு துண்டுகளைத் தடையாக ஒட்டிவிடுங்கள். கட்டைகளை அதற்குள் வைத்துப் பசை வைத்தால் தானாகச் சரியான சாய்வில் நிற்கும். கண்ணாடித்தாளில் ஃபெவிகால் பிடிக்காது, காய்ந்ததும் தூக்கி எடுத்துவிடலாம்.

பள்ளத்தின் கரைப்பக்கம் வரும் குட்டைக் கால் வரிசைகளுக்குத் தனி அச்சு தேவையில்லை. அதே அச்சில் மேலிருந்து எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் செய்து, அடியில் நறுக்கி அடிக்கட்டை வையுங்கள். அளவு எப்போதும் மேலிருந்து கீழே. அப்படிச் செய்தால்தான் நடு அடுக்கின் கட்டைகள் எல்லாக் கால் வரிசையிலும் ஒரே மட்டத்தில் வரும், இடைச்சட்டம் நேர்கோடாக ஓடும். கீழிருந்து அளந்தால் அது பாம்பாகிவிடும்.

எக்ஸ் மாதிரி போற கட்டை ரெண்டும் ஒண்ணையொண்ணு எப்படித் தாண்டுது? நடுவுல வெட்டி ஒட்டணுமா?

வெட்ட வேண்டாம். ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம். நடுவில் கால்களின் கனம் இருப்பதால் இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. நேரே பார்த்தால் எக்ஸ், பக்கத்தில் வந்து பார்த்தால் இரண்டு தனிக் கட்டைகள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஜோடி. 3-க்கு 10 அங்குலப் பலகை, நம் அளவில் கனம் 0.9, அகலம் 2.9 மி.மீ. ஐஸ் குச்சியை அப்படியே ஒட்டினால் இரண்டு மடங்கு கனமாகத் தெரியும், தேய்த்து மெலித்துக்கொள்ளுங்கள்.

முழுசும் ஒட்டிட்டு கடைசியா பெயின்ட் அடிச்சா போதும்தானே?

போதாது, இதில் நான் ஒரு பாலத்தையே இழந்திருக்கிறேன். முதல் பாலத்தை முழுக்க ஒட்டிவிட்டு நிறம் ஏற்றினேன். பசை பிதுங்கிய இடத்திலெல்லாம் சாயம் இறங்கவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு வெள்ளைத் தேமல். தேய்த்தும் போகவில்லை, மேலே பூசினாலும் தெரிந்தது. கட்டையாக இருக்கும்போதே எல்லாவற்றுக்கும் நிறம் ஏற்றிக் காயவைத்து, அதன் பிறகு ஒட்டுங்கள். ஒட்டும்போது பிதுங்கும் பசையை ஈரத்தூரிகையால் உடனே துடைத்துவிடுங்கள். மரத்துக்கு பெயின்ட் வேண்டாம், அது நாரை மூடிவிடும். சாயம்தான் ஏற்ற வேண்டும்.

நான் செய்யும் முறை கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறவர்களின் முறை. நாட்டு மருந்துக்கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி, இரண்டு கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, குச்சிகளை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயவைப்பேன். இன்னொரு பக்கம், வினிகரில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு நாலைந்து நாள் வைத்திருப்பேன். இரும்பு நார் வேண்டும், துருப்பிடிக்காத எவர்சில்வர் நார் ஆகாது. மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். வடிகட்டிய அந்த நீரில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, காய்ந்த குச்சியை முக்கி எடுத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பத்து எண்ணுவதற்குள் விளிம்புகளில் ஒரு நீலச் சாம்பல் கிளம்பும், அது நார் வழியே உள்ளே ஓடும், சில நிமிடத்தில் குச்சி பல வருடம் மழையில் கிடந்த கட்டை நிறத்துக்கு வந்துவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை இது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலிலும் அதே வேலையைச் செய்யும்.

எந்த நிறம் சரி என்பது பாலத்தின் வயதைப் பொறுத்தது. உண்மைப் பாலங்களின் மரத்துக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். புதிதில் கறுப்புக்குப் பக்கமான பழுப்பு, வெயில் பட்டுப் பட்டுச் சாம்பல். நான் குச்சிகளை நான்கு கட்டாகப் பிரித்து நான்கு அடர்த்தியில் முக்கி, கலந்துகட்டிப் பயன்படுத்துகிறேன். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் ஒரே நாளில் வாங்கின மரம் என்று தெரிந்துவிடும். நடுவே இரண்டு கட்டை மட்டும் கறுப்பாக இருந்தால் போன வருடம் மாற்றியவை என்று கண் எடுத்துக்கொள்ளும்.

இத்தனை போல்ட் தலை இருக்கே, உண்மையான போல்டா?

இல்லை. எக்ஸ் கட்டை ஒவ்வொரு காலையும் கடக்கும் இடத்தில் ஒரு போல்ட், அதன் வட்டத்தகடு 3 அங்குலம் என்றால் நமக்கு 0.9 மி.மீ.தான். குண்டூசி முனையில் ஒரு துளி ஃபெவிகால் எடுத்துத் தொட்டு வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையால் ஒரு புள்ளி. அடியில் துரு நிறத்தில் மெல்லிய கோடு இழுத்தால் மழைநீர் ஒழுகிய தடம் வந்துவிடும். பார்ப்பவர் முகம் ஓர் அடி தூரத்துக்குள் வரும் பக்கத்துக்கு மட்டும் செய்தால் போதும்.

தண்டவாளத்துக்கு நடுவுல இன்னும் ரெண்டு தண்டவாளம் எதுக்கு? ஓரத்துல அந்தச் சின்ன டிரம்?

உள்ளே இருப்பது காவல் தண்டவாளம். சக்கரம் தடம் இறங்கிவிட்டாலும் வண்டி பாலத்தைவிட்டு வெளியே போகாமல் இழுத்துப் பிடிக்கும். பாலத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் நீண்டு, இரண்டும் நடுவில் கூராகச் சேரும். இதை விட்டுவிடாதீர்கள். ஸ்லீப்பர் கட்டைகளும் பாலத்தின்மேல் நெருக்கம், நீளமும் கூடுதல், 10 அடி வைத்தால் 35 மி.மீ. தரைமேல் போடும் சாதாரணத் தண்டவாளத் துண்டைப் பாலத்தில் அப்படியே வைத்தால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே ஒருவர் கால் விழுந்துவிடும் அளவு இடைவெளி தெரியும்.

டிரம்மில் தண்ணீர். நீராவி இன்ஜினிலிருந்து தணல் விழும், காய்ந்த மரத்தில் எண்ணெயும் ஏறியிருக்கும், சொல்ல வேண்டுமா. பாலத்துக்கு வெளியே நீட்டிய சிறு மேடையில் டிரம்மும் வாளியும் வைத்திருப்பார்கள், வண்டி வந்தால் பாதை வேலையாள் ஒதுங்கி நிற்கவும் அதே மேடை. மரப்பாலத்துக்கு நெருப்பு எவ்வளவு பெரிய எதிரி என்பது 2003-ல் தெரிந்தது. கனடாவில் மைரா பள்ளத்தாக்கின் பழைய ரயில் பாதையில் காட்டுத்தீயில் 12 மரப்பாலங்கள் எரிந்துபோயின. வரலாற்றுச் சின்னம் என்று அவற்றை மறுபடி கட்டினார்கள்.

பள்ளத்தை முதல்ல செய்யணுமா, பாலத்தை முதல்ல செய்யணுமா?

உண்மையில் பள்ளம் முதலில், மாதிரியில் பாலம் முதலில். பள்ளத்தைச் செய்துவிட்டு அதற்கேற்பக் காலை நறுக்க ஆரம்பித்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், ஒன்று தண்டவாளத்தைத் தூக்கும்.

மேல்தளத்தை முதலில் கட்டி, இரு கரையிலும் மட்டம் பார்த்துத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். கால் வரிசைகளை அதன் அடியில் ஒட்டித் தொங்கவிடுங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு கல்மேடையை வைத்து, அதைச் சுற்றி மண்ணைக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டர் போடும்போது பாலத்தைக் கழற்றி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு முடிந்தது, ஏனென்றால் கரை முனைகளில் ஒட்டாமல் திருகாணி போட்டிருந்தேன்.

வளைவுல கட்டலாமா? வளைஞ்ச பாலம்தான் அழகு.

கட்டலாம், கின்சால் பாலமே வளைவுதான். வளைவது தண்டவாளம் மட்டும்தான், மரம் எதுவும் வளையாது. உத்திரம் ஒவ்வொன்றும் நேர்க்கட்டையாக ஒரு கால் வரிசையிலிருந்து அடுத்ததுக்குப் போகும், கால் வரிசைகள் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால்போல மையத்தைப் பார்த்து நிற்கும்.

46 செ.மீ. ஆரமுள்ள இறுக்கமான வளைவில் 52 மி.மீ. நீள உத்திரம் வளைவிலிருந்து முக்கால் மில்லிமீட்டர்தான் விலகும், கண்ணுக்குத் தெரியாது. முன்பு சொன்னபடி இரண்டு இடைவெளி நீளத்துக்கு வைத்தாலோ மூன்று மில்லிமீட்டர் விலகிவிடும். அதனால் இறுக்கமான வளைவில் ஒவ்வொரு இடைவெளிக்கும் தனி உத்திரம் வையுங்கள். இடைச்சட்டங்களையும் ஒரே அளவில் வெட்டி வைத்துவிடாதீர்கள். 11 செ.மீ. அகன்ற அடிப்பகுதியில் உள்பக்கம் 46 மி.மீ., வெளிப்பக்கம் 58 மி.மீ. என்று வரும். வெளித் தண்டவாளத்தைச் சற்றே உயர்த்த வேண்டுமென்றால் ஸ்லீப்பரின் வெளிமுனைக்கு அடியில் அரை மில்லிமீட்டர்ப் பட்டை போதும்.

இவ்வளவு மெல்லிசா இருக்கே, இன்ஜின் வெயிட் தாங்குமா?

தாங்கும், உண்மைப் பாலத்தைவிட நிம்மதியாகவே தாங்கும். நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்4 டீசல் இன்ஜின் 72 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87-ல் ஒரு பங்காகும்போது எடையை 87-ஆல் மூன்று முறை வகுத்து 110 கிராமுக்கு வந்துவிடுகிறது. ஆனால் காலின் குறுக்குப் பரப்பு 87-ஆல் இரண்டு முறை வகுத்த அளவுக்கே குறைகிறது. பொம்மை இன்ஜினுக்குள் ஈயம் வைத்து 350 கிராம் ஆக்கியிருந்தாலும், மரத்தின்மேல் விழும் அழுத்தம் உண்மையில் விழுவதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

உடைவது பாரத்தால் இல்லை, தூசி தட்டும்போது கை பட்டுத்தான். கொலுவில் குழந்தைகள் எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள்.

மழைக்காலத்துல வளையாதா? கரையான் வராதா?

ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடிக்கும். குறுக்கேதான் ஊதும், நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு, அதனால் பாலம் நீளாது. வளைவது ஒரு பக்கம் மட்டும் சாயமோ வார்னிஷோ ஏறிய கட்டைதான். முழுதாக முக்கி எடுத்தால் அந்தக் கவலை இல்லை. உண்மையில் அதிகம் நகர்வது தண்டவாளம், அதுவும் கோடையில். மீட்டருக்கு ஓர் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாமல் பற்றவைத்த ஒரு பாதை சித்திரை வெயிலில் மாடியில் பக்கவாட்டில் பிதுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கரையானுக்கு, மேசைக்கால் இரும்பாக இருக்கட்டும், சுவரைத் தொடாமல் நிற்கட்டும். மூங்கிலில் வண்டு துளைத்து மாவு கொட்டும், குச்சிகளை போரிக் பவுடர் கரைத்த வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்துக் காயவைத்த பிறகு சாயம் ஏற்றுங்கள்.

எங்க தாத்தா மீட்டர் கேஜ் டிரைவர். நம்ம வண்டியை இந்தப் பாலத்துல ஓட்டினா தப்பா, மாமா?

தப்பே இல்லை, கணக்கு மட்டும் மாறும். 1:87-ல் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. 12 மி.மீ. தண்டவாளம் வெளிநாட்டுத் தயாரிப்பில் கிடைக்கிறது, அதுதான் பொருத்தம். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் 1:87 மீட்டர் கேஜ் பெட்டியை ஏற்றினால் தாத்தா பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். உத்திரக் கூட்டங்கள் இரண்டும் தண்டவாளத்துக்கு நேர் கீழே வர வேண்டும் என்பதால் அவற்றையும் உள்ளே நெருக்கிக்கொள்ளுங்கள்.

பாலம் மட்டும் அமெரிக்க மலையிலிருந்து வந்தது. வெள்ளம் கரையை அரித்த இடத்தில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தற்காலிகமாகத் தாங்கு கொடுத்து வண்டியை மெதுவாக விடுவது ரயில்வேக்குத் தெரிந்த வேலைதான். நம் வண்டிக்கு மரத்தில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் நான் அதைத்தான் செய்வேன். தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் பார்த்ததைக் கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் அளவாத்தான் செஞ்சேன். ஆனாலும் பார்த்தா பொம்மை மாதிரியே இருக்கு. எங்க தப்பு?

இதைக் கேட்டவர் தென்காசியிலிருந்து தன் பாலத்தை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துவந்திருந்தார். அளவு, சாய்வு, போல்ட், நிறம் எல்லாம் சரி. மேசையில் வைத்துவிட்டு, தாடையை மேசையில் ஊன்றி, கண்ணைப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொன்னேன். கால்கள் எல்லாம் வழவழப்பான பச்சைத் தரைமேல் நேராக நின்றன. அடிக்கட்டைக்குக் கீழே ஒன்றுமில்லை. பாரம் அடிக்கட்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு அவர் செய்த மாற்றங்கள் சின்னவை. ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் கீழே ஆற்று மணலில் பொறுக்கிய சிறு கற்களால் மேடை. மேடையைச் சுற்றி, தோண்டின மண் கொஞ்சம் உயர்ந்து கிடப்பதுபோல் செம்மண். சரிவின் மேல்பக்கம் வரும் மேடைகளில் மழை கொண்டுவந்து சேர்த்த சருகும் சரளையும், கீழ்ப்பக்கம் அரிப்பு. தண்டவாளத்துக்கு நடுவே, எண்ணெய் சொட்டிக் கறுத்த ஒரு பட்டை. ஒரு மாதம் கழித்து அதே பெட்டியில் எடுத்துவந்தார். கீழிருந்து பார்த்தோம், அவருடைய டீசல் இன்ஜினைக் கையால் மெதுவாகத் தள்ளினார். மூன்றாவது கால் வரிசையைத் தாண்டும்போது பக்கத்தில் நின்ற என் மகள், விழுந்துவிடப்போகிறது என்று கையை நீட்டிவிட்டாள்.